கூரைச் சூரிய மின்சாரம் அமைப்போருக்கு ஒரு வழிகாட்டி: டிசி பக்கம் எது, ஏசி பக்கம் எது?

மொட்டைமாடியில் சூரியத் தகடுகள் பொருத்தி, மின்வாரிய இணைப்போடு சேர்த்துப் பயன்படுத்த முடிவு செய்திருக்கும் தமிழ்நாட்டு வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இந்த வேலை முடிவதற்குத் தேவைக்கு மேல் நாளும் பிடித்தது, அலைச்சலும் ஆனது. தகடு, இன்வெர்ட்டர், மீட்டர், மானியம் என்று தனித்தனியாகச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள்; எந்தப் பொருள் எந்த வகை மின்னோட்டத்துக்கு உரியது, அது மாறினால் என்ன ஆகும் என்று முழுமையாகச் சொல்ல ஒருவரும் இல்லை. இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு பக்கங்களும் கலந்துபோவதால் வருபவை என்பதால், அந்தப் பிரிவினையை முன்வைத்தே படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. இரண்டு மின்னோட்டங்களையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சூரியத் தகட்டிலிருந்து வருவது நேர்திசை மின்னோட்டம். மின்பணியாளர்கள் டிசி என்பார்கள். அதில் நேர்முனை, எதிர்முனை என இரண்டு முனைகள் மாறாமல் இருக்கும். மின்னோட்டம் எப்போதும் ஒரே திசையில் செல்லும். தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம், அதாவது ஏசி. நம் நாட்டில் அது நொடிக்கு 50 சுற்றுகள் சுற்றுவதால், ஒவ்வொரு நொடியிலும் 100 முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் ஒரு கணம் சுழியத்தைத் தொட்டுச் செல்கிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்வது அதன் பயன்தரு மதிப்பு. உச்சத்தில் அது சுமார் 325 வோல்ட்டை எட்டும்.

இந்தச் சுழியத்தைத் தொடும் கணம்தான் நமக்கு முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் மின்சுற்றை ஒரு சுவிட்ச் பிரிக்கும்போது, பிரியும் இரண்டு உலோக முனைகளுக்கு இடையே தீப்பொறி ஒன்று பாலம்போல் நிற்கும். மாறுதிசையில் மின்னோட்டம் சுழியத்தைத் தொட்டவுடன் அந்தப் பொறி அணைந்துவிட வாய்ப்பு உண்டு. நேர்திசையில் அப்படிப்பட்ட கணமே வராது. ஆகவே பொறி நீண்டு, நிலைத்து, சுவிட்சின் உட்பகுதியை உருக்கிவிடும். கூரைச் சூரிய அமைப்புகளில் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. டிசி பக்கத்துக்கு ஏன் தனி சுவிட்ச், தனி பியூஸ், தனிக் கம்பி என்று இனி எங்கே படித்தாலும் காரணம் இங்கே இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது இன்வெர்ட்டர். நேர்திசையை வாங்கி, வாரியக் கம்பியில் ஓடும் மின்சாரத்தின் வோல்ட்டுக்கும் சுற்றுக்கும் ஒத்திசைந்த மாறுதிசையாக மாற்றித் தருகிறது. இந்த மாற்றத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு வெப்பமாகக் கழியும்.

2. மின்கட்டண ரசீதை வைத்து அளவைத் தீர்மானியுங்கள்

கடந்த ஓராண்டின் ஆறு ரசீதுகளையும் எடுத்து, இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு கிலோவாட் தகடு நம் பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் அமைப்பு நாளுக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 700 யூனிட் என்று கணக்கிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இது குறையும். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் செலவாகும் வீட்டுக்கு இரண்டு கிலோவாட் போதும். ஐந்து கிலோவாட் போடச் சொல்லி வற்புறுத்துபவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம், ஏனெனில் மானியம் மூன்று கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடமாகச் சுமார் 100 சதுர அடி தேவை. தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படுவதால், ஒரே ஒரு தகட்டின்மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தி முழுவதும் பாதிக்கப்படும். காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடியில் போய் நின்று, நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். தகடுகள் தெற்கு நோக்கி, 10 முதல் 15 பாகை சாய்வில் இருந்தால் போதும்.

விலைப்புள்ளியில் ‘3 கிலோவாட்’ என்று எழுதியிருந்தால், அது தகடுகளின் டிசி திறனா, இன்வெர்ட்டரின் ஏசி திறனா என்று கேளுங்கள். 540 வாட் தகடுகள் ஆறு சேர்ந்தால் டிசி திறன் 3,240 வாட். அதற்கு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் பொருந்தும். இதில் தவறில்லை. தகடுகளை 2.5 கிலோவாட்டுக்குப் போட்டுவிட்டு, இன்வெர்ட்டரின் எண்ணைக் காட்டி 3 கிலோவாட் என்று விலை சொல்வதுதான் தவறு. இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

3. மின்தடை நேரத்தில் என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மாடியில் வெயில் கொளுத்தும்போதே மின்தடை வந்தால், வாரியத்தோடு இணைந்த சாதாரண சூரிய இன்வெர்ட்டர் நின்றுவிடும். இது பழுது அன்று. கம்பத்தில் வேலை செய்யும் மின்பணியாளர் கம்பி செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைக்கும்போது, உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் போனால் அவர் உயிர் போய்விடும். அதனால் வாரியக் கம்பியில் மாறுதிசை மின்சாரம் இல்லை என்று தெரிந்த உடனே நின்றுவிடும்படிதான் அந்தக் கருவி அமைக்கப்பட்டிருக்கிறது. பணம் கட்டிய பிறகு இதை அறிந்து மனம் நொந்தவர்கள் பலர். விற்பவர்கள் தாமாக முன்வந்து இதைச் சொல்வது குறைவு.

மின்தடையிலும் ஓட வேண்டுமானால், பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை. பேட்டரி டிசியைச் சேமிக்கும் கருவி. அதற்குத் தனியே மானியம் கிடையாது. நல்ல லித்தியம் பேட்டரியோடு சேர்த்தால் செலவு லட்ச ரூபாய் அளவுக்குக் கூடிவிடும். வீட்டில் ஏற்கெனவே யூபிஎஸ் இருந்தால், இரண்டு விளக்கு, இரண்டு மின்விசிறிக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: சூரிய இன்வெர்ட்டரிலிருந்து வரும் ஏசி கம்பியை யூபிஎஸ்ஸின் வெளியீட்டுப் பக்கத்தில் இணைக்கவே கூடாது. மின்தடையின்போது யூபிஎஸ் தருகிற மின்சாரத்தை வாரிய மின்சாரம் என்று எண்ணிக்கொண்டு சூரிய இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கினால், யூபிஎஸ் எரிந்துபோகும். அந்தக் கம்பி மெயின் போர்டில், யூபிஎஸ்ஸுக்கு முன்னால் சேர வேண்டும்.

4. ஆவணங்களைச் சரிசெய்து வையுங்கள்

மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் இணையதளத்தில்தான் விண்ணப்பம். கையில் இருக்க வேண்டியவை: அண்மைய மின்கட்டண ரசீது, மின் இணைப்பு எண், ஆதார், செல்பேசி எண், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை, வீடு உங்களுடையது என்பதற்குச் சொத்து வரி ரசீது.

விண்ணப்பங்கள் கிடப்பில் விழ முதன்மைக் காரணம் பெயர்தான். மின் இணைப்பு காலஞ்சென்ற தந்தையின் பெயரிலோ, வீட்டை விற்றவரின் பெயரிலோ இருந்தால், சூரிய மின்சார விண்ணப்பத்துக்கு முன்பாகவே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். மின் இணைப்பு, ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் தலைப்பெழுத்து, எழுத்துக்கூட்டல் உட்பட எல்லாம் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வங்கிக் கணக்கில் ஒருவிதமாகவும் மின் இணைப்பில் வேறுவிதமாகவும் பெயர் இருந்தால், எல்லா வேலையும் முடிந்த பின், மானியம் வருகிற கடைசிப் படியில் அது தடையாக வந்து நிற்கும்.

அடுத்தது அனுமதிக்கப்பட்ட மின்பளு. நீங்கள் போடவிருக்கும் அமைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால், பளு உயர்வுக்கான கட்டணமும் நடைமுறையும் என்ன என்று உங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் பற்றியும் அதே அமர்வில் கேட்டுக்கொள்வது நல்லது.

5. விண்ணப்பமும் விலைப்புள்ளியும்

பத்து கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024ஆம் ஆண்டின் விதித்திருத்தம் சொல்கிறது. எனவே விண்ணப்பம் ஏற்கப்படுவதில் பெரிய தாமதம் இருக்காது. அதன்பின், இணையதளத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர்களிடம் மட்டும் விலைப்புள்ளி வாங்குங்கள். பதிவு பெறாதவர் போட்ட அமைப்புக்கு மானியம் இல்லை. தகடும் அதன் உள்ளிருக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்பதும் மானியத்தின் நிபந்தனை. விலை மலிவு என்று வேறு தகட்டை வாங்கிவிட்டால் பின்னால் எதுவும் செய்ய முடியாது.

மூன்று கிலோவாட் அமைப்புக்கு இன்று சந்தையில் ஒன்றே முக்கால் லட்சம் முதல் இரண்டேகால் லட்சம் ரூபாய் வரை சொல்கிறார்கள். மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக உச்சம் 78,000 ரூபாய். முழுத் தொகையையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும். மானியம் பிறகுதான் உங்கள் கணக்குக்கு வரும். ‘மானியத்தை நாங்களே கழித்துக்கொள்கிறோம்’ என்று ஒருவர் சொன்னால், அது எப்படி என்று எழுத்தில் கேளுங்கள். கையில் பணம் இல்லாதவர்களுக்கு, மூன்று கிலோவாட் வரை பொதுத்துறை வங்கிகள் பிணையமின்றிக் கடன் தருகின்றன. ரெப்போ வட்டிக்கு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) அரை சதவீதம் கூடுதலாக வட்டி என்பது திட்டத்தில் அறிவிக்கப்பட்ட விகிதம். சூரிய மின் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. விலைப்புள்ளியில் எந்த விகிதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பணத்தைத் தவணைகளாகப் பிரித்து, கடைசித் தவணையை மீட்டர் பொருத்தி அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பு விற்பனையாளரின் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

6. டிசி பக்கம்: பொருத்தும் நாளில் கூடவே நில்லுங்கள்

இந்தப் படியில்தான் நீங்கள் மாடியை விட்டு இறங்கக் கூடாது. ஆறு தகடுகளைத் தொடராக இணைத்தால் முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 300 வோல்ட் நிற்கும். வெளிச்சம் படுகிற நேரமெல்லாம் அது நின்றுகொண்டே இருக்கும். வாரிய மின்சாரத்தை அணைத்தாலும், இன்வெர்ட்டரை அணைத்தாலும், தகட்டிலிருந்து வரும் கம்பி உயிரோடுதான் இருக்கும். குளிரில் இந்த வோல்ட் இன்னும் கூடும் என்பதால், உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் தகடுகளின் எண்ணிக்கையை இன்வெர்ட்டரின் உச்ச டிசி வரம்போடு ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும்.

தகடுகளுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் வரும் டிசி பெட்டியில் இருக்கும் எம்சிபியை, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்சை, முதலில் பாருங்கள். அதன் முகப்பில் வோல்ட் எண்ணுக்கு அருகே ஒரு சின்னம் அச்சாகியிருக்கும். அலைபோன்ற கோடு இருந்தால் அது ஏசிக்கு உரியது. நேர்க்கோடும் அதன்கீழ் விட்டுவிட்டு ஓடும் சிறு கோடுகளும் இருந்தால் டிசிக்கு உரியது. எங்கள் மாடியில் டிசி பெட்டிக்குள் அலைக்கோடு போட்ட எம்சிபி ஒன்றைப் பொருத்த முற்பட்டார்கள். ‘இதுவும் 32 ஆம்பியர்தானே’ என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆம்பியர் ஒன்றாக இருப்பதால் பயனில்லை. பிரியும்போது எழும் பொறியை அணைக்கும் ஏற்பாடு அதில் இல்லை. மாற்றச் சொல்லி, மாற்றிய பிறகே வேலையைத் தொடர விட்டோம்.

சரியான டிசி எம்சிபி வந்த பிறகும் ஒன்று மீதமிருக்கிறது. சில வகைகளில் நேர்முனை எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று கூட்டல், கழித்தல் குறிகள் போட்டிருக்கும். உள்ளே இருக்கும் சிறு காந்தம் பொறியை ஒரு பக்கமாகத் தள்ளி அணைக்கும். முனை மாறினால் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். ஏசியில் பழகிய கைகள் கம்பியை எந்தப் பக்கம் மாட்டினாலும் ஓடும் என்று எண்ணிவிடுகின்றன. குறியைச் சுட்டிக்காட்டிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கம்பி, வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளும் வெயில் தாங்கும் உறையும் கொண்ட சூரிய மின்கம்பியாக, குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் கம்பியின் உறை மாடி வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்துவிடும். தகடுகளை இணைக்கும் கறுப்புக் கனெக்டர்கள் இரண்டு வேறு தயாரிப்புகளாக இருந்தால், கேட்பதற்குச் சரியாகக் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொண்டாலும், உள்ளே தொடர்பு சரியாக அமையாமல் சூடேறி உருகும். ஒரே தயாரிப்பாக, அதற்குரிய கருவியால் நெரித்துப் பொருத்தியதாக இருக்கட்டும். அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கனெக்டரை யாரும் பிடுங்கக் கூடாது.

சோதனைக்குக் கொண்டுவரும் கிளாம்ப் மீட்டரையும் கவனியுங்கள். ஏசிக்கு மட்டுமான கிளாம்ப் மீட்டர் டிசி கம்பியைச் சுற்றிப் பிடித்தால் சுழியம் காட்டும். ஓட்டமே இல்லை என்று நம்பிக் கழற்றுவது ஆபத்து. டிசி அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள்.

எர்த் குழிகள் மூன்று வேண்டும்: இடிதாங்கிக்கு ஒன்று, தகடுகளின் சட்டத்துக்கும் டிசி பக்கத்துக்கும் ஒன்று, இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்துக்கு ஒன்று. செலவு மிச்சம் என்று மூன்றையும் ஒரே குழியில் இறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இடி விழும்போது அந்த மின்சாரம் வீட்டுக் கருவிகளுக்குத் திரும்ப வந்துவிடும்.

7. ஏசி பக்கம்

இங்கே வேலை மின்பணியாளர்களுக்குப் பழகியது என்பதால் தவறுகள் குறைவு. இன்வெர்ட்டர் நிழலும் காற்றோட்டமும் உள்ள சுவரில் இருக்கட்டும். மூன்று கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர் ஓடும். மெயின் போர்டு தொலைவில் இருந்தால் கம்பியைத் தடிமனாகப் போடச் சொல்லுங்கள். மெல்லிய நீளக் கம்பியில் மின்சாரத்தைத் தள்ளும்போது இன்வெர்ட்டர் முனையில் வோல்ட் உயர்ந்து, 250ஐத் தாண்டும் நிலையில் அது தானே நின்றுவிடும். நண்பகலில், உற்பத்தி உச்சத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் இன்வெர்ட்டர் அடிக்கடி நிற்கிறது என்றால், முதலில் இந்தக் காரணத்தைப் பார்க்க வேண்டும். வாரியக் கம்பியிலேயே வோல்ட் அதிகமாக இருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

8. மீட்டர் மாறும்வரை இயக்காதீர்கள்

தகடு பொருத்தும் வேலை இரண்டு மூன்று நாள்களில் முடிந்துவிடும். அதன்பின் இருவழி மீட்டருக்காகக் காத்திருக்க வேண்டும். விதிப்படி 15 நாள்களுக்குள் முடிய வேண்டும்; மீட்டர் கையிருப்பைப் பொறுத்துக் கூடுதலாகவும் ஆகலாம். இந்த இடைவெளியில், ‘சும்மா ஓட்டிப் பாருங்கள்’ என்று யார் சொன்னாலும் இயக்காதீர்கள். பழைய மின்னணு மீட்டர்களில் பல, மின்சாரம் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். நீங்கள் வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டுக்கு நீங்களே கட்டணம் கட்ட நேரிடும்.

புதிய மீட்டரில் வாங்கிய யூனிட் ஒன்றாகவும் கொடுத்த யூனிட் இன்னொன்றாகவும் மாறி மாறித் தெரியும். பொருத்திய அன்றே இரண்டு எண்களையும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரின் திரையில் காட்டும் உற்பத்தியும் மீட்டரில் வெளியே போனதாகக் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்காது. பகலில் வீட்டிலேயே செலவான பங்கு மீட்டரைத் தாண்டுவதில்லை. கொடுத்ததை வாங்கியதிலிருந்து கழித்து, மிஞ்சியதற்கே கட்டணம். கொடுத்தது கூடுதலாக இருந்தால் அது அடுத்த கணக்குக்குச் செல்லும். முதல் இரண்டு ரசீதுகளை இந்தக் கழித்தலோடு கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. மானியம் பெறும் படி

ஆய்வு முடிந்து இயக்கச் சான்று இணையதளத்தில் ஏறிய பிறகு, வங்கி விவரத்தைப் பதிவிட வேண்டும். அதற்கு முன்பாக விற்பனையாளர் ஏற்ற வேண்டியவை: தகடுகளின் வரிசை எண்கள், இன்வெர்ட்டரின் வரிசை எண், உள்நாட்டுத் தயாரிப்புச் சான்று, நீங்கள் அமைப்பின் அருகில் நிற்கும், எடுத்த இடம் பதிவான படம். வரிசை எண் ஒவ்வொரு தகட்டின் பின்புறமும் ஒட்டியிருக்கும். சட்டத்தில் ஏற்றிவிட்டால் படிக்க முடியாது. தகடுகள் தரையில் இருக்கும்போதே நீங்களும் படம் எடுத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் 30 நாள்களுக்குள் பணம் வந்துவிடும். வராவிட்டால் அதே இணையதளத்தில் குறைதீர்ப்புப் பகுதியில் பதிவு செய்யலாம்.

10. அணைக்கும் வரிசையை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்

முதலில் ஏசி சுவிட்ச்; இன்வெர்ட்டர் நின்றதைத் திரையில் பார்த்த பிறகு டிசி சுவிட்ச். ஏசியை முதலில் அணைத்தால் இன்வெர்ட்டர் தகட்டிலிருந்து மின்னோட்டம் இழுப்பதை நிறுத்திவிடும். அதன்பின் டிசியைப் பிரிக்கும்போது பொறி எழாது. மீண்டும் இயக்கும்போது டிசி முதலில், ஏசி பிறகு. இதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

மாதம் இருமுறை, வெயில் ஏறுமுன், வெறும் தண்ணீரால் தகடுகளைக் கழுவினால் போதும். கண்ணாடி உடைந்த தகட்டின்மேல் தண்ணீர் ஊற்றவோ தொடவோ வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பு, விற்பனையாளரை வரவழைத்து, டிசி பெட்டியின் திருகுகளை இறுக்கி, எர்த் அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த அளவு 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். அவர் எழுதித் தரும் தாளை உத்தரவாத அட்டைகளோடு சேர்த்து வையுங்கள், ஏனெனில் இன்வெர்ட்டர் பழுதாகி உத்தரவாதம் கோரும்போது பராமரிப்புப் பதிவைக் கேட்பார்கள்.